ஒருவேளை என்று பேர் வாங்கியவள்

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ஆனால் எட்டு வயதில் ஒட்டிக்கொண்ட 'ஒருவேளை' என்ற பட்டப்பேர்தான் தங்கைக்கு நிலைத்தது. பள்ளியிலிருந்து ஏரிக்குப் படகுச் சவாரி அழைத்துப்போவதாகச் சொன்ன அன்று மற்ற பிள்ளைகள் எல்லாம் கைதட்ட, இவள் மட்டும் எழுந்து நின்று, "ஒருவேளை படகுல ஓட்டை இருந்தா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. படகில் ஓட்டை இல்லை. படகுக்காரரிடம் ஒரே ஒரு துடுப்புதான் இருந்தது என்பது நடு ஏரியில்தான் தெரிந்தது. அதற்காக யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் கேட்டது ஓட்டையைப் பற்றித்தானே.

அவளுக்கு மூன்று வயது மூத்த அண்ணன் நேர் எதிர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவனுக்கு இருந்த வாயில் நாலு பிள்ளைகள் பிழைக்கலாம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருடைய பிள்ளைகளின் பேர், மூட்டுவலிக்கு அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு காரியத்தை ஆரம்பிக்க அவனைப்போல் ஆள் கிடையாது. முடிக்கத்தான் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அப்பா போன பிறகு அவருடைய பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை இருவர் கைக்கும் வந்தது. தங்கை அமைதியானவள், மரியாதையாகப் பேசுவாள், ஆகவே அவள் கல்லாவில் உட்காரட்டும் என்றும், அண்ணன் ஆம்பிளை, எடை தூக்குவான், ஆகவே கிடங்கையும் சாமான் கட்டுவதையும் பார்க்கட்டும் என்றும் வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கடை இரண்டு வருடம் தாங்கியது. கோப்பை வாங்க வருகிறவர்களிடம் தங்கை, "நல்ல கோப்பைதான். ஒருவேளை ரொம்பச் சூடா ஊத்தினா கைப்பிடி விட்டுப்போகலாம், பாத்துக்கோங்க" என்பாள். கல்யாணப் பரிசாகக் கண்ணாடிக் குடுவை கேட்ட ஒருவரை, அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டா என்று விசாரித்து, கடைசியில் பக்கத்துக் கடையில் போர்வை வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனுப்பியும் வைத்தாள். பின்னால் கிடங்கில் அண்ணன் ஒரு கையால் பெட்டி கட்டிக்கொண்டே மறு கையால் தொலைபேசியில் ஊர்க்கதை பேசுவான். உள்ளேயிருந்து அடிக்கடி 'சிலீர்' என்று கேட்கும். வந்தவர்கள் வாசலிலேயே திரும்பிப் போவார்கள். அண்ணனின் மனைவி, அதாவது அண்ணி, ஒருநாள் சொன்னாள்: "உங்க கடையில விக்கறதைவிட உடையறது அதிகம். உடைக்கறதுக்கு டிக்கெட் போட்டு வித்திருந்தா நல்லா ஓடியிருக்கும்."

கடையை மூடிவிட்டு அண்ணன் வாடகை லாரி ஓட்டப்போனான். தங்கை ஒரு மருந்துக் கம்பெனியில் புட்டி எண்ணும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊருக்கெல்லாம் காரணம் தெளிவாக விளங்கிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயைப் பார்த்துக்கொண்டே யாராவது வியாபாரம் பண்ண முடியுமா? தங்கையும் அதை நம்பினாள். அண்ணனோ தங்கையால்தான் கடை போயிற்று என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை பேசுகிறவன் அதை மட்டும் சொல்லாமல் விட்டதே அவளுக்கு உறைத்தது.

இது நடந்து நாலு வருடம் கழித்து, சிறுதொழில் சங்கத்தில் ஆறு நாள் வகுப்பு ஒன்று வைத்தார்கள். உங்கள் குணம் என்ன ரகம் என்று தெரிந்துகொண்டால் தொழிலில் ஜெயிக்கலாம் என்று சுவரொட்டி சொன்னது. அண்ணன் இருவர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தான். எதையாவது ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது அவனுக்கு.

மின்விசிறி கிறீச்சிடும் கூடம். முப்பது நாற்காலிகள். வகுப்பெடுத்த பெண்ணுக்கு இவர்கள் இருவரையும்விட வயது குறைவு. கையில் இருந்த புத்தகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் பேசினாள். எழுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தாள். அதன்படி மனிதர்கள் நாலு ரகம்: முன்னால் பாய்கிறவர், பேசிச் சேர்க்கிறவர், இடையில் நின்று ஒட்டவைக்கிறவர், காவல் காக்கிறவர். அண்ணன் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். தங்கை ஒவ்வொரு கேள்விக்கும் எழுதி, அழித்து, திரும்ப எழுதினாள். இரண்டு மணி நேரம் கழித்து, கூடத்தில் அவளும் மின்விசிறியும் மட்டும் மிச்சம்.

மறுநாள் முடிவு வந்தது. அண்ணன் முன்னால் பாய்கிறவனாம். மார்பை நிமிர்த்திக்கொண்டான். தங்கையின் தாளைப் பார்த்த ஆசிரியைக்குச் சங்கடமாகிவிட்டது. காவல் காக்கும் குணத்தில் இத்தனை மதிப்பெண்ணைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். கீழே அச்சில் இருந்ததையும் தயங்கித் தயங்கிப் படித்தாள்: ஆபத்தைப் பிறருக்கு முன்பே காண்பார், திருப்தி வரும்வரை கையை எடுக்கமாட்டார், முடிவெடுக்க நாளாகும், சொந்தத் தொழிலைவிடப் பாதுகாப்பான உத்தியோகமே இவருக்கு ஒத்துவரும்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தலை நிமிரவில்லை. அழுகிறாளோ என்று அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் தாளைப் படித்துக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "அண்ணா, இதுல மேல இருக்கற மூணு வரியும் நான்தான். கடைசி வரி மட்டும் இவங்க நினைப்பு" என்றாள்.

"அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்களேம்மா."

"அச்சடிச்சா? நம்ம கடையிலகூட 'உடையாத கோப்பை'ன்னு அச்சடிச்சுத்தான் வந்துச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்தப் பயம் எனக்கு வேண்டாததா இருக்கலாம். ஆனா யாருக்காவது வேணுமே. தனக்குப் பதிலா இன்னொருத்தர் பயப்படணும்னு ஆசைப்படற ஆள் இருப்பாங்க இல்ல?"

அன்று சாயங்காலமே அண்ணனின் படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் எழுதியது அவன் ஆக விரும்பும் ஆள், அவன் அல்ல என்றாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அவனுக்குப் பதிலாகத் தானே ஒரு சம்பவத்தைச் சொன்னாள். பாதி கட்டிய மாடிப்படி. மூன்று வகுப்போடு விட்ட நீச்சல். கூடவே, வழி தெரியாமல் நின்ற கிழவரைப் பேசியே சிரிக்கவைத்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு தெருக்காரர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது. கூட்டிப் பார்த்தால் பேசிச் சேர்க்கிறவர் என்று வந்தது. முடிக்கும் திறமைக்கு மூன்று மதிப்பெண். அண்ணனுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்தான் என்பதை அண்ணி இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் அவன் வந்து நின்றான். "சரி. கல்லாவில நான் உட்கார்ந்திருக்கணும். கிடங்குல நீ இருந்திருக்கணும். அதானே சொல்ல வர்றே?"

"நான் சொல்லலை. படிவம் சொல்லுது."

இப்படித்தான் அந்தத் தொழில் பிறந்தது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற சாமான், உடைந்தால் திரும்ப வாங்க முடியாத சாமான், அதைக் கட்டிப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது. அண்ணன் போய்ப் பேசி வேலை பிடிப்பான், லாரி ஓட்டுவான். தங்கை கட்டுவாள். முதல் வேலை, அவள் கணவர் எழுத்தராக இருந்த பள்ளியில் கிடைத்தது. ஆய்வகத்து எலும்புக்கூட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். தங்கை இரண்டு நாள் எடுத்துக்கொண்டு விரல் விரலாகப் பஞ்சு சுற்றினாள். ஒரு பல்கூட ஆடாமல் போய்ச் சேர்ந்தது. "உயிரோட இருந்தப்பகூட இவரை யாரும் இப்படித் தாங்கியிருக்க மாட்டாங்க" என்றார் தலைமையாசிரியர்.

அவள் வேலை செய்யும் விதத்தை அண்ணன் அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தான். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சாமானுக்கு எதிரே உட்காருவாள். தொடமாட்டாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பிறகு நோட்டில் எழுத ஆரம்பிப்பாள்: இதற்கு என்னென்ன விதத்தில் சாவு வரலாம். கை நழுவலாம். கயிறு நனைந்து தளரலாம். கட்டுகிறவருக்குத் தும்மல் வரலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பரிகாரம். வரிசையில் ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் பரிகாரம் விழுந்த பிறகுதான் பஞ்சில் கைவைப்பாள். ஊரார் பயம் என்று கேலி செய்தது ஒரு பெரிய வேலை என்பதும், இத்தனை வருடமாக அதைச் சம்பளமில்லாமல் அவள் செய்து வந்திருக்கிறாள் என்பதும் அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

ஐந்தாம் வருடம் வந்தது கண்ணாடி வேலை.

மலை உச்சியில் நட்சத்திரம் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அதன் பெரிய தொலைநோக்கியின் அடிக்கண்ணாடிக்குப் புதுப் பூச்சு போடக் கீழே பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். திரும்ப மேலே போக வேண்டும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு அகலம். பத்து ஆள் எடை. முடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் கனத்துக்குக்கூடப் பிசகாமல் தேய்த்த வளைவு. தேய்த்து முடிக்க நாலு வருடம் ஆயிற்றாம், தேய்த்தவர் இறந்துவிட்டாராம். அதற்கு முன் வந்த கம்பெனி பாரந்தூக்கியும் இரும்புச் சங்கிலியுமாக வந்து இறங்கியதைப் பார்த்து, ஆய்வுக்கூடத் தலைவர் வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணன் வழக்கம்போல மூன்று நாளில் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். தங்கை பட்டறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டாள். தலைவர் ஒரு ஓரமாக நின்றார். காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை ஒரு வரி எழுதவில்லை. அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. அருகில் போய்க் குனிந்து, என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் கிசுகிசுப்பாக. "இன்னும் பயம் வரலை."

அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கூரை முழுவதும் அந்தக் குழிவுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மனிதன் எழுதக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் வந்து விழுகிற இடம் இது என்று தலைவர் சொன்னார்.

மத்தியானத்துக்குமேல் பயம் வந்தது. நூற்றறுபத்தோரு வரி. மூன்று நாள் என்றது இருபத்தாறு நாளாயிற்று. பெட்டிக்குள் பெட்டி, நடுவில் சுருள் கம்பிகளும் ரப்பரும். நாற்பத்தாறு கிலோமீட்டர் மலைப்பாதையையும் நாலு நாளில் நடந்தே ஏறினாள். பள்ளம் இருக்கும் இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டாள். எந்தப் பாறையில் நீர் கசிகிறது, எந்த வளைவில் லாரி திரும்பலாம் என்றுகூட நோட்டில் இருந்தது.

லாரியை யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது, நிதானமான ஓட்டுநர் ஒருவரைத் தேடலாம் என்று அண்ணனே சொன்னான். தன்னுடைய மூன்று மதிப்பெண் அவனுக்கு மறக்கவில்லை. தங்கை ஒப்பவில்லை. மற்றவர் எங்கே தப்பு செய்வார் என்று தனக்குத் தெரியாது, அண்ணன் எங்கே செய்வான் என்று தெரியும் என்றாள். தலைவரை அவன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தாள். அண்ணனுக்குப் பேச ஆள் இருந்தால் வண்டி தானாக மெதுவாகிவிடும். பேச ஆளில்லாத அலுப்பில்தான் அவன் வேகம் பிடிப்பான். இதுவும் நோட்டில் ஒரு வரி. எண் பன்னிரண்டு.

விடிந்ததும் கிளம்பினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு கிண்ணம், அது சிந்தக்கூடாது. தங்கை ஜீப்பில் முன்னால் போனாள். மனிதன் நடக்கிற வேகம்தான். அண்ணன் தலைவரிடம் அவருடைய சின்ன வயது, பெண்ணின் படிப்பு, சனிக்கோளின் வளையம் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே ஓட்டினான். கிண்ணம் சிந்தவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு, இன்னும் மூன்றே கிலோமீட்டர் இருக்கும்போது, ஜீப் நின்றது. உச்சியில் ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் கண்ணுக்குத் தெரிந்தது. தங்கை இறங்கிச் சரிவோரமாகப் போய்ப் பாறையிடுக்கில் கசிந்த நீரைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இறங்கிப் போனான்.

"போன வாரம் இது தெளிவா இருந்துச்சு" என்றாள். உள்ளங்கையில் இருந்தது செம்மண் நிறம்.

இரண்டு நாள் முன்னால் மழை பெய்ததல்லவா, கலங்கியிருக்கும் என்றான் அண்ணன். மேலே பன்னிரண்டு பேர் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள் என்றான். வெயில் இருக்கும்போதே இறக்கினால்தான் நல்லது என்றான். கல்லையும் கரைக்கிற வாய் அது. அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள்.

தங்கை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான் ஒருவேளைன்னு சொல்லலை அண்ணா. வேண்டாம்னு சொல்றேன்."

நாற்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து 'ஒருவேளை' இல்லாத ஒரு முடிவை அவன் கேட்டதே இல்லை. திரும்பிப் போய் லாரியில் ஏறினான். முன்னூறு மீட்டர் பின்னோக்கியே ஓட்டி, அவள் குறித்து வைத்திருந்த அகலமான வளைவில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. குடுவையிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். தங்கை சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

முதலில் கேட்டது, மூட்டையிலிருந்து சர்க்கரை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் திரும்பிப் பார்த்தபோது சரிவில் நின்ற மரம் ஒன்று நின்றபடியே நகர்ந்தது. விழவில்லை, நடந்து போனது. அதற்குப் பின்னால் மலையின் ஒரு பக்கமே சட்டையைக் கழற்றுவதுபோல இறங்கியது. சாலை இருந்த இடத்தில் புழுதி மட்டும் எழுந்து நின்றது. கால்மணி நேரம் கல் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு ஒரே நிசப்தம். லாரியில் கிண்ணத்து நீர் வட்டம் வட்டமாக நடுங்கி அடங்கியது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான். பார்வை சரிவின் பக்கம் போகவில்லை, தங்கையையே பார்த்தான். சிறுவயதில் தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், தான் ஆயிரம் தடவை கேலி பண்ணியவள். கூடவே இருந்தும் இவள் யார் என்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று தோன்றியது. மலைக்கு முன்னால் நிற்பதுபோலத்தான் அவளுக்கு முன்னால் இருந்தான்.

அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "நூத்தி முப்பத்தெட்டு. பாதை அடைஞ்சா, நாலு கிலோமீட்டர் கீழே பள்ளிக்கூடத்துக் கூடம். சாவி வாங்கி வச்சிருக்கேன்" என்றாள்.

பாதையைச் சரிசெய்ய ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் காலை பெட்டி மேலே போய்ச் சேர்ந்தது. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தலைவர் முழங்காலிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு மணி நேரம் தேடினார். கீறல் இல்லை. சூரியன் இல்லாத பக்கமாகக் குவிமாடத்தின் கதவைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார். தரையில் கிடந்த கண்ணாடிக்குள் வானம் இறங்கி வந்தது. ஒரு மேகம் ஓரத்தில் நுழைந்து, அகண்டு, மறு ஓரத்தில் போய் மறைந்தது. எல்லாரும் சுற்றி நின்று, ஒரு கிணற்றைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள்.

இன்றைக்கு அந்த நிறுவனத்தில் பதினேழு பேர். சேர வருகிறவர்களுக்குத் தங்கை முதலில் அந்த எழுபத்திரண்டு கேள்விகளைக் கொடுக்கிறாள், முடிவுத் தாளின் கடைசி வரியைக் கத்தரித்துவிட்டு. பயப்படுகிறவர்களைச் சாமான் கட்டும் வேலையில் போடுகிறாள். பேசுகிறவர்களை அண்ணனிடம் அனுப்புகிறாள். இதில் எது உசத்தி என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கேள்வியே புரிவதில்லை.

அண்ணனைக் கேட்டால், கண்ணாடியையோ சரிந்த மலையையோ பற்றி அவன் அதிகம் சொல்வதில்லை. கண்ணாடி மேலே போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் காலி லாரியில் இறங்கி வந்ததைத்தான் சொல்வான். தங்கை பக்கத்து இருக்கையில் இருந்தாள். ஓடுகிற வண்டியில் அவள் கண்ணை மூடி அவன் பார்த்ததில்லை. இரண்டாவது வளைவில் அவள் தலை கதவில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, சின்னக் குறட்டைகூட வந்தது. லாரியில் அப்போது உடைவதற்கு ஒன்றுமே இல்லை. இருந்தும் அவன் வேகத்தைக் கூட்டவில்லை. வழியில் தெரிந்தவர் ஒருவர் கைகாட்டி நிறுத்தப் பார்த்தபோது, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சுண்ணாம்புக் கோடு ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி, நாற்பத்தாறு கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டி வந்தான்.